ஆங்கிலத்தின் ‘கேன்’, ‘மே’, ‘குட்’: ஹங்கேரிய மொழியில் பெயர்ப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து ஹங்கேரிய மொழிக்குப் பெயர்க்கக் கற்றுக்கொள்ளும் தமிழர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் தரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஹங்கேரியச் சொற்களை ஒலிக்குக் கிட்டத்தட்டத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்த மொழியில் உதட்டைக் குவித்து ஒலிக்கும் சில உயிர்களுக்கு நம்மிடம் எழுத்து இல்லை. அவற்றை ‘ஒ’, ‘ஓ’, ‘உ’, ‘ஊ’ என்றே குறித்திருக்கிறேன். குறிலான ‘அ’ வரும் இடங்களில் ஹங்கேரியர் ‘அ’வுக்கும் ‘ஒ’வுக்கும் நடுவில் ஒலிப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘கேன்’, ‘மே’, ‘மைட்’, ‘குட்’ ஆகியவற்றுக்கு ஹங்கேரிய மொழியில் நேர்ச்சொற்கள் உண்டா?

இல்லை. ஆங்கிலத்தில் இவை தனி இனமாக நிற்கும் துணைவினைகள். ஹங்கேரிய மொழியில் அப்படியோர் இனமே கிடையாது. அங்கே வினையோடு ஒட்டும் ஒரு விகுதி உண்டு. ‘துத்’, ‘ஸபத்’, ‘லெஹெத்’ போன்ற சொற்கள் வினையெச்சத்தோடு சேர்ந்து வருவதுண்டு. வாக்கியம் முழுவதையும் ஐயத்துக்கு உள்ளாக்கும் ‘தலான்’ போன்ற சொற்களும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஆங்கிலச் சொல் முடிவு செய்வதில்லை. அந்த இயல்தன்மை யாருடையது என்ற கேள்வியே முடிவு செய்கிறது: செய்பவரின் திறனா, பிறர் தந்த அனுமதியா, சூழ்நிலை தந்த வாய்ப்பா, அல்லது பேசுபவரின் ஊகமா?

‘அவர் போக முடியும்’ என்பதை ஹங்கேரியர் ‘எல் துத் மென்னி’ என்பார். கால் குணமாகிவிட்டது, அல்லது வண்டி கிடைத்துவிட்டது என்று பொருள். ‘அவர் போகலாம்’ என்று அனுமதி தரும்போது ‘எல்மெஹெத்’. ‘அவர் போனாலும் போவார்’ என்று ஊகிக்கும்போது ‘லெஹெத், ஹொஜ் எல்மெட்ய்’ (‘ஹொஜ்’ என்பது நம் ‘என்று’ போன்ற இணைப்புச் சொல்). ஆங்கிலத்தில் முதல் இரண்டுக்கும் ‘கேன்’ ஒன்றே போதும். பின் இரண்டுக்கும் ‘மே’ ஒன்றே போதும். ஆகவே, பெயர்ப்பவர் ஆங்கில வாக்கியத்தின் முன்பின்னைப் படித்து இந்த முடிவை எடுக்காமல் ஹங்கேரிய வாக்கியத்தைத் தொடங்கவே இயலாது. தமிழரான நமக்கு இது பெரிய சுமையன்று. முடியும், தெரியும், -லாம், கூடும், கூடாது என்று நாமும் பிரித்தே பேசுகிறோம். சிக்கல் என்னவென்றால், நாம் பிரிக்கும் இடமும் அவர்கள் பிரிக்கும் இடமும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை.

-ஹத், -ஹெத் என்ற விகுதியை எப்படிச் சேர்ப்பது?

வினையடியோடு நேராக ஒட்ட வேண்டும். அடியின் உயிரோசையைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘வார்’ என்றால் காத்திரு, அதிலிருந்து ‘வார்ஹத்’. ‘கேர்’ என்றால் கேள், வேண்டு, அதிலிருந்து ‘கேர்ஹெத்’. ‘ஈர்’, அதாவது எழுது, மட்டும் புதியவர்களைத் தடுமாற வைக்கும். உயிரைப் பார்த்தால் -ஹெத் வர வேண்டும் போலிருக்கும், ஆனால் ‘ஈர்ஹத்’ என்பதே சரி. அடிக்கடி புழங்கும் வினைகள் சில அடி மாறும்: ‘மெட்ய்’ (போ) ‘மெஹெத்’ ஆகும், ‘எஸிக்’ (உண்) ‘எஹெத்’ ஆகும், ‘இஸிக்’ (குடி) ‘இஹத்’ ஆகும், ‘அல்ஸிக்’ (உறங்கு) ‘அல்ஹத்’ ஆகும். ‘வன்’, அதாவது இரு என்னும் வினை, ‘லெஹெத்’ ஆகிறது. இந்தப் பக்கம் முழுவதும் வரப்போகும் சொல் அதுதான்.

நம் ‘-லாம்’ எந்த இடத்துக்கும் மாறுவதில்லை. நான் காத்திருக்கலாம், நீ காத்திருக்கலாம், அவர்கள் காத்திருக்கலாம். ஹங்கேரிய விகுதிக்குப் பின்னால் இடமும் எண்ணும் காட்டும் ஈறு கட்டாயம் வரும். ‘வார்ஹதொக்’ என்றால் நான் காத்திருக்கலாம். ‘வார்ஹத்தொக்’ என்றால் நீங்கள் பலரும் காத்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரு தகர மெய்யின் இரட்டிப்புதான் வேறுபாடு. தட்டச்சில் ஓர் எழுத்து விழுந்தால் ‘நீங்கள்’ ‘நான்’ ஆகிவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்தியும் கண்டுபிடிக்காது, ஏனெனில் இரண்டுமே சரியான சொற்கள். மெய்ப்பு பார்க்கும்போது இந்த இடத்தில் கண்ணை நிறுத்திப் பாருங்கள்.

இந்த விகுதி ‘ஹத்’ என்ற வினையிலிருந்து வந்தது என்பது மொழி வரலாற்றாளர் கருத்து. அந்த வினை இன்றும் ‘தாக்கம் செலுத்து’ என்ற பொருளில் வாழ்கிறது. ஆகவே ‘ஹத்ஹத்’ என்பது ‘தாக்கம் செலுத்தலாம்’ என்னும் முறையான ஹங்கேரியச் சொல். அச்சுப்பிழை என்று எண்ணி வெட்டிவிட வேண்டாம்.

‘துத்’ எப்போது, -ஹத் எப்போது?

‘துத்’ என்பதன் அடிப்படைப் பொருள் அறிதல். ‘துதொக் ஊஸ்னி’ என்றால் எனக்கு நீந்தத் தெரியும். ‘ஊஸ்ஹதொக்’ என்றால் நான் நீந்தலாம்: மருத்துவர் தடை சொல்லவில்லை, குளம் திறந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ‘கேன்’ தான். நீச்சல் குளத்து வாயிலில் நின்று பணியாளரிடம் ‘துதொக் ஊஸ்னி?’ என்று கேட்டால், எனக்கு நீந்தத் தெரியுமா என்று அவரையே கேட்பதாகிவிடும்.

தமிழர் வழுக்கும் இடம் இதற்கு அடுத்தது. நாம் நீந்தத் தெரிவதையும் நீந்த முடிவதையும் இரண்டாகப் பார்க்கிறோம். ஹங்கேரிய மொழியில் இரண்டையும் ‘துத்’ ஒன்றே சுமக்கிறது. கை வலிக்கிறது, இன்று எழுத முடியாது என்பதற்கும் ‘நெம் துதொக் ஈர்னி’தான், எழுத்தறிவில்லை, எழுதத் தெரியாது என்பதற்கும் அதேதான். உடல் தாங்குமா என்பதை அழுத்த வேண்டுமானால் ‘பீர்’ என்ற வினை உண்டு. அது பேச்சு வழக்கின் நெருக்கம் கொண்டது. ‘கேபெஷ்’ என்ற சொல் ஆற்றல் பெற்றவர் என்ற பொருளில் எழுத்து நடைக்கு ஏற்றது. ஆங்கில மூலத்தில் ‘ஏபிள்’ வந்தாலே ‘கேபெஷ்’ போடும் பழக்கம் பரவலாக உள்ளது. பெரும்பாலான இடங்களில் ‘துத்’ போதும் என்பது என் கருத்து. ‘கேபெஷ்’ மிகுந்தால் எளிய கடிதமும் விண்ணப்பப் படிவம் போல் விறைத்துப்போகிறது.

மொழியைப் பற்றிப் பேசும்போது வினையெச்சமே வேண்டாம். ‘துதொக் மஜ்யருல்’ என்றால் எனக்கு ஹங்கேரிய மொழி தெரியும் என்று பொருள் முடிந்துவிடுகிறது, நாம் ‘எனக்குத் தமிழ் தெரியும்’ என்று முடிப்பது போலவே.

முன்னொட்டு ஏன் சில இடங்களில் பிரிந்து ஓடுகிறது?

‘எல்மெஹெத்’ என்பதில் ‘எல்’ என்னும் முன்னொட்டு வினையோடு ஒட்டியிருக்கிறது. ‘துத்’ வந்தால் அது தாவி முன்னே போகிறது: ‘எல் துத் மென்னி’. மறுப்பு வந்தால் இரண்டும் மாறும்: ‘நெம் மெஹெத் எல்’, ‘நெம் துத் எல்மென்னி’. இதை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, இந்த நான்கு வடிவங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது விரைவில் பலன் தரும்.

இதனோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒன்றாக இருந்தால் ஈறு மாறும். ஏதோ ஒரு புத்தகத்தை வாசிக்கலாம் என்றால் ‘ஒல்வஷ்ஹதொக்’. அந்தப் புத்தகத்தை வாசிக்கலாம் என்றால் ‘ஒல்வஷ்ஹதொம்’. ‘துத்’தும் அப்படியே ‘துதொக்’, ‘துதொம்’ என்று மாறும். செயப்படுபொருள் வினையெச்சத்துக்கு உரியதாக இருந்தாலும், ஈறு மாறுவது ‘துத்’தில்தான்.

‘மே நாட்’ என்பதில் ஏன் இவ்வளவு பிழைகள்?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன், ஏனெனில் இங்கே நேரும் பிழை வாசிப்பவரைத் தவறாக நடக்க வைக்கும்.

ஆங்கிலத்தின் ‘மே நாட்’ இரண்டு பொருள் தருகிறது. ஒன்று ‘கூடாது’. மற்றொன்று ‘-ஆமல் போகலாம்’. ஹங்கேரிய மொழியில் ‘நெம்’ என்ற மறுப்பு -ஹத் விகுதி கொண்ட வினைக்கு முன் வந்தால், அது இயல்தன்மையையே மறுக்கிறது. முதல் பொருள் மட்டுமே கிடைக்கும். இரண்டாவது வேண்டுமானால், ஊகத்தை வெளியே வைத்து மறுப்பை உள்ளே வைக்க வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், குடியிருப்பு ஒன்றின் மின்தூக்கி அறிவிப்பைப் பெயர்த்தேன். பழுதுபார்ப்புப் பணி காரணமாக ஞாயிற்றுக்கிழமை மின்தூக்கி இயங்காமல் போகலாம் என்பது ஆங்கில மூலத்தின் பொருள். நான் எழுதியது: ‘அ லிஃப்த் வஷார்னப் நெம் மூக்கொத்ஹெத்’. அதைப் படித்த ஹங்கேரியத் தோழி, ஞாயிற்றுக்கிழமை மின்தூக்கியை இயக்கக் கூடாது என்று யார் தடை விதித்தார்கள் என்று கேட்டாள். சரியான வாக்கியம் ‘லெஹெத், ஹொஜ் அ லிஃப்த் வஷார்னப் நெம் மூக்கொதிக்’. அறிவிப்புக்கு இன்னும் பொருத்தமாக, ‘எலோஃபொர்துல்ஹத், ஹொஜ்’ என்று, அதாவது ‘நேரக்கூடும்’ என்று, தொடங்கியிருக்கலாம். ஏழாம் மாடியில் இருக்கும் முதியவர் ஒருவர் அந்தத் தாளை நம்பி அன்றைய நாளைத் திட்டமிடுவார் என்று எண்ணிப் பாருங்கள். ‘இயங்காது’ என்பதும் ‘இயங்காமல் போகலாம்’ என்பதும் அவருக்கு ஒன்றல்ல.

தமிழில் இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘போகக் கூடாது’ என்று வந்தால் ‘நெம் மெஹெத்’ அல்லது ‘நெம் ஸபத்’. ‘போகாமல் இருக்கலாம்’ என்று வந்தால் ‘லெஹெத், ஹொஜ் நெம் மெட்ய்’. ‘போவார் என்று உறுதியில்லை’ என்று வந்தால் ‘நெம் பிஸ்தொஷ், ஹொஜ்’. ‘ஹொஜ்’ என்பதற்கு முன் காற்புள்ளி வரும். பேச்சிலும் குறுஞ்செய்திகளிலும் ‘ஹொஜ்’ஜையே விட்டுவிடுகிறார்கள், எழுத்து நடையில் விட வேண்டாம்.

‘நெம் லெஹெத், ஹொஜ்’ என்று மறுப்பை முன்னே வைத்தால் ‘அப்படி இருக்கவே முடியாது’ என்ற பொருள் பிறக்கும். அதையே கேள்வியாக்கினால் பொருள் திரும்பிவிடுகிறது: சாவியைத் தேடும் ஒருவரிடம் ‘நெம் லெஹெத், ஹொஜ் ஒத் ஹக்தாத்?’ என்று கேட்டால், ‘அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பாயோ?’ என்று மென்மையாக ஊகம் சொல்வதாகும்.

‘பர்ஹாப்ஸ்’, ‘மேபி’, ‘பாஸிப்ளி’ – ‘தலான்’ போதாதா?

பல இடங்களில் போதும். ‘தலான்’ நடுநிலையானது, பேசுபவருக்கு உறுதியில்லை என்பதை மட்டும் சொல்கிறது. ‘லெஹெத், ஹொஜ்’ அதற்கு அண்டை வீடு.

‘எஷெத்லெக்’ வேறு நிறம் கொண்டது. ஒருவேளை, வாய்ப்பிருந்தால், தோதுப்பட்டால் என்னும் தயக்கம் அதில் உண்டு. கோரிக்கைகளில் அது நன்றாக அமரும்: ‘எஷெத்லெக் துத்ன ஷெகீதெனி?’ என்றால், சிரமமில்லாவிட்டால் உதவ முடியுமா என்ற பணிவு கிடைக்கிறது. ஆனால் ‘அவர் ஒருவேளை நோயுற்றிருக்கலாம்’ என்ற இடத்தில் எல்லாம் அதைப் போட்டால், தொலைவான சாத்தியம் ஒன்றைக் கிளறி எடுத்தது போலாகிவிடும்.

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான சொல் ‘ஹாத்ஹ’. ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச்சொல் இல்லை. ஒன்று நடக்கலாம் என்ற ஊகத்தோடு, அதைக் கருதி முன்கூட்டியே ஏதோ செய்கிறோம் என்பதோ, அது நடக்காதா என்ற ஏக்கமோ சேர்ந்தே இதில் வரும். ‘விஸெக் எஷெர்ஞோத், ஹாத்ஹ எஷிக்’: குடை எடுத்துப் போகிறேன், மழை வந்தாலும் வரும். தேர்வு எழுதிய பிள்ளையைப் பற்றித் தாய் ‘ஹாத்ஹ ஷிக்கெருல்’ என்று சொல்லும்போது, ‘தேறிவிட மாட்டானா’ என்ற நம் தாய்மாரின் குரல் அப்படியே கேட்கிறது. ஆங்கில மூலத்தில் ‘இன் கேஸ்’ அல்லது ‘ஹூ நோஸ்’ என்று இருந்தால் முதலில் ‘ஹாத்ஹ’வை எடுத்துப் பாருங்கள். அகராதி அதைக் கடைசியாகத்தான் காட்டும்.

உறுதி ஏறும்போது ‘வலோஸீனூலெக்’, இன்னும் ஏறினால் ‘அலிக்ஹனெம்’, ‘பிஸ்தொஷன்’. எதிர்த்திசையில் ‘அலிக்ஹ’: நடப்பது அரிது. ‘அலிக்ஹ’, ‘அலிக்ஹனெம்’ இரண்டும் வடிவில் நெருக்கமாகவும் பொருளில் நேரெதிராகவும் இருப்பதால் விழிப்பு வேண்டும். முன்னது ‘நடக்காது போலும்’. பின்னது ‘பெரும்பாலும் நடக்கும்’.

‘குட்’, ‘குட் ஹேவ்’ ஆகியவற்றை எப்படிக் கையாள்வது?

‘குட்’ என்னும் ஒரே சொல் இறந்தகாலத் திறனையும், நிகழ்கால ஊகத்தையும், பணிவான கோரிக்கையையும், யோசனை சொல்வதையும் தாங்குகிறது. ஹங்கேரிய மொழி நான்கையும் வெவ்வேறு பாதையில் அனுப்புகிறது.

சிறு வயதிலேயே அவருக்கு நீந்தத் தெரிந்திருந்தது என்றால் ‘துதொத் ஊஸ்னி’. ஒரு முறை முயன்று வென்றது என்றால் ‘ஷிக்கெருல்த்’, அதாவது கைகூடியது: ‘வேகுல் ஷிக்கெருல்த் யெஜெத் வென்னெம்’, கடைசியில் எனக்குச் சீட்டு வாங்கக் கைகூடியது. இங்கே வினையெச்சமே ‘எனக்கு’ என்னும் ஈற்றை ஏற்பது தமிழருக்குப் புதுமையாக இருக்கும். யோசனை சொல்லும்போது நிபந்தனை வடிவம்: ‘எல்மெஹெத்னேன்க் மொஸிப’, படம் பார்க்கப் போகலாமே.

இறந்தகாலத்தில் -ஹத் வரும்போது நிதானம் தேவை. ‘எல்மெஹெதெத்’ என்றால் ‘போய்விட்டிருக்கலாம்’ என்ற ஊகமும் உண்டு, ‘போக அனுமதி கிடைத்தது’ என்ற செய்தியும் உண்டு. சுற்றியுள்ள வாக்கியங்கள் தெளிவாக்காவிட்டால், ஊகத்துக்கு ‘லெஹெத், ஹொஜ் எல்மென்த்’ என்று பிரித்து எழுதுவதே நேர்மை. ஆனால் ‘எல்மெஹெதெத் வொல்ன’ என்று ‘வொல்ன’ சேர்ந்துவிட்டால், போகவில்லை என்பது உறுதி. போயிருக்கலாம், போகாமல் விட்டார். ஆங்கிலத்தின் ‘குட் ஹேவ் லெஃப்ட்’ இந்த இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் புதினங்களைப் பெயர்ப்பவர்கள் இங்கே அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். குற்றவாளி தப்பியிருக்கக்கூடும் என்று காவலர் சொல்வதும், தப்பியிருக்கலாமே ஆனால் தப்பவில்லை என்று கதைசொல்லி சொல்வதும் ஆங்கிலத்தில் ஒரே மூன்று சொற்கள்தாம்.

‘ஸோல்ஹத்தால் வொல்ன!’ என்ற தொடரைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!’ என்பதுதான் அது. நம் வீட்டுக் கூடத்தில் கேட்கும் அதே ஆதங்கம், அதே ‘-இருக்கலாம்’, அதே குறை.

‘ஐ கேன் ஸீ’, ‘ஐ கான்ட் ஃபைண்ட்’ போன்றவை?

இவற்றில் ‘கேன்’ஐப் பெயர்க்கவே வேண்டாம். ‘லாதொம்’, பார்க்கிறேன், தெரிகிறது. ‘ஹல்லொம்’, கேட்கிறது. ‘நெம் தலாலொம்’, கண்டுபிடிக்க முடியவில்லை. ‘துதொக் லாத்னி’ என்று எழுதினால், பார்வை இழந்தவருக்குப் பார்வை திரும்பியது போலிருக்கும். இடத்திலிருந்து பொதுவாகத் தெரிவதைச் சொல்ல வெறும் வினையெச்சம் போதும்: ‘இன்னென் லாத்னி அ துனாத்’, இங்கிருந்து பார்த்தால் டான்யூப் தெரியும்.

பணிவாகக் கேட்பது எப்படி?

தனக்காக அனுமதி கேட்கும்போது -ஹத்: ‘கேர்ஹெதெக் எஜ் பொஹார் விஸெத்?’, ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்குமா? கடைக்காரர் ‘ஷெகீத்ஹெதெக்?’ என்பார், உதவட்டுமா என்று பொருள். பிறரிடம் உதவி கேட்கும்போது ‘துத்’தின் நிபந்தனை வடிவம்: மரியாதைக்குரியவரிடம் ‘துத்ன ஷெகீதெனி?’, நண்பரிடம் ‘துத்னால் ஷெகீதெனி?’. ஆங்கிலத்தின் ‘யூ’ இந்த வேறுபாட்டை மறைத்துவிடுவதால், பேசும் இருவரின் உறவைக் கதையில் தேடிக் கண்டுபிடித்த பிறகே எழுத வேண்டும்.

கதவைத் தட்டும் ஒருவருக்கு உள்ளிருந்து ‘ஸபத்!’ என்று குரல் வரும். ‘அனுமதி உண்டு, வாருங்கள்’ என்று பொருள். அதே சொல் காலியான இருக்கையையும் குறிக்கும், சுதந்திரமான என்ற பொருளையும் தரும். மறுக்கும்போது ‘நெம் ஸபத்’ தடையையும் ‘நெம் கெல்’ தேவையின்மையையும் குறிக்கும். ஆங்கிலத்தின் ‘மஸ்ட் நாட்’டை ‘நெம் கெல்’ என்று பெயர்த்தால் ‘செய்யக் கூடாது’ என்பது ‘செய்யத் தேவையில்லை’ ஆகிவிடும்.

‘-ஏபிள்’ என்று முடியும் சொற்களும் கணினிச் செய்திகளும்?

-ஹத் விகுதியோடு ‘ஓ’ சேர்ந்தால் பெயரடை பிறக்கிறது: ‘எஹெதோ’ உண்ணத்தக்கது, ‘இஹதோ’ குடிக்கத்தக்கது. எதிர்மறைக்கு -ஹதத்லன், -ஹெதெத்லென்: ‘ஒல்வஷ்ஹதத்லன்’ வாசிக்க இயலாதது, ‘லாத்ஹதத்லன்’ கண்ணுக்குப் புலப்படாதது. இது வளமான ஊற்று. ஆனால் எல்லா இடத்திலும் இதையே அள்ள வேண்டாம். குடிக்க உகந்ததல்லாத நீர் வரும் குழாயில் ‘நெம் இவோவீஸ்’ என்றுதான் ஹங்கேரியில் எழுதியிருக்கும். ‘குடிநீர் அன்று’ என்று பொருள். அங்கே ‘இஹதோ’வைத் தேடினால் ஏமாற்றமே. புல்வெளிப் பலகையில் ‘ஃபூரெ லேப்னி திலொஷ்’, புல்லில் மிதிக்கத் தடை. ‘திலொஷ்’ வந்துவிட்டால் இயல்தன்மை பற்றிய பேச்சே இல்லை.

கணினித் திரையில் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பதற்கு ‘நெம் தலால்ஹதோ’ என்பது நிலைபெற்ற வழக்கு. ‘கோப்பைத் திறக்க இயலாது’ என்பதில் இரண்டு நிலை உண்டு. கோப்பின் தன்மையே அப்படி என்றால் ‘நெம் ஞித்ஹதோ மெக்’. நிரல் இப்போது முயன்று தோற்றது என்றால் ‘நெம் ஷிக்கெருல்த் மெக்ஞித்னி’. ஆங்கிலம் முன்னதற்குக் ‘கான்ட்’டும் பின்னதற்குக் ‘குட் நாட்’டும் வைத்தாலும், நிரலர்கள் இரண்டையும் கலந்தே எழுதுகிறார்கள். பயனர் மீண்டும் முயலலாமா வேண்டாமா என்பது இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. எனவே, நிரலரிடம் கேட்டுத் தெளிவதில் கூச்சம் வேண்டாம்.

மருந்துத் தாள், சட்டம், வானிலை அறிக்கை ஆகியவற்றில் ஊகச் சொற்களைப் போடலாமா?

மருந்துத் தாளில் ‘மே காஸ் ட்ரௌஸினெஸ்’ என்று வந்தால் ‘ஆல்மொஷ்ஷாகொத் ஒக்கொஸ்ஹத்’, உறக்கக் கலக்கத்தை உண்டாக்கலாம், என்று எழுத வேண்டும். ‘லெஹெத், ஹொஜ்’ போட்டால், உண்டாக்குமா இல்லையா என்பதே தயாரித்தவருக்குத் தெரியாது என்ற தொனி வந்துவிடும். இங்கே இருப்பது எழுதியவரின் ஐயம் அன்று. சிலருக்கு நேரும், சிலருக்கு நேராது என்ற மருத்துவ உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வழங்கும் தாள்களில் பக்கவிளைவுகளை எண்ணிக்கையாலேயே வகுக்கிறார்கள்: ‘மிகப் பரவலானது’ என்றால் 10 பேரில் ஒருவருக்கு மேல், ‘அரிதானது’ என்றால் 1,000 பேரில் ஒருவர் வரை. அந்த வரிகளிலும் வினை ‘ஏரின்த்ஹெத்’, பாதிக்கலாம், என்று -ஹெத் கொண்டே வருகிறது.

ஹங்கேரி 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அதன் மொழியும் ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. அன்று சேர்ந்த 9 மொழிகளில் அதுவும் ஒன்று. சட்ட வாசகத்தில் ‘மே’ உரிமை தருகிறது, -ஹத் அதைச் செம்மையாகச் சுமக்கிறது. ‘மே நாட்’ சட்டத்தில் தடை மட்டுமே ஆதலால் ‘நெம்’ சேர்ந்த -ஹத் வடிவம் அங்கே பொருந்தும். மின்தூக்கி அறிவிப்பில் பிழையாக இருந்தது இங்கே சரியாகிறது. ‘ஷல்’ என்பதற்கு ஹங்கேரியச் சட்ட நடை சாதாரண நிகழ்கால வினையையே பயன்படுத்துகிறது.

வானிலை அறிக்கையில் ‘ஸாபொர், ஸிவதர் எலோஃபொர்துல்ஹத்’, திடீர் மழையும் இடிமழையும் வரக்கூடும், என்பது கேட்டுக் கேட்டுப் பழகிய தொடர். பருவநிலை அறிக்கைகளில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பருவநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையிலான குழுவின் அறிக்கைகளில் ‘லைக்லி’ என்றால் 66 முதல் 100 சதவீதம், ‘வெரி லைக்லி’ என்றால் 90 முதல் 100 சதவீதம். அந்த இடத்தில் ‘வலோஸீனூ’ என்று ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அறிக்கை முடியும்வரை அதையே எழுத வேண்டும். நடை அழகுக்காக ‘தலான்’ என்று மாற்றினால் எண்ணே மாறிவிடுகிறது.

‘மே பாஸிப்ளி’ போல இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தால்?

ஒன்றை விட்டுவிடுங்கள். ‘எஷெத்லெக் லெஹெத்ஷேகெஷ்’ என்று அடுக்கினால் வாக்கியம் தள்ளாடுகிறது.

‘மஸ்ட் பி’ என்னும் ஊகத்தை எப்படிச் சொல்வது?

உறுதியான ஊகத்துக்குப் ‘பிஸ்தொஷன்’ சேர்த்து வினையை இயல்பாக விடலாம்: ‘பிஸ்தொஷன் ஒத்தொன் வன்’, வீட்டில்தான் இருப்பார். மறுப்பான ஊகத்துக்கு ‘நெம் லெஹெத் ஒத்தொன்’, வீட்டில் இருக்க முடியாது. ‘விளையாட்டுக்குத்தானே சொல்கிறாய்’ என்ற வியப்போடு வரும் ஆங்கிலத்தின் ‘யூ கான்ட் பி ஸீரியஸ்’ ஹங்கேரிய மொழியில் சொல்லுதல் என்னும் வினையைப் பிடித்துக்கொள்கிறது: ‘எஸ்த் நெம் மொந்த்ஹதொத் கொமொயன்’, இதை நீ மெய்யாகச் சொல்ல முடியாது.

மதிப்பிடும்போது ‘லெஹெத்’ தன் முழு அழகையும் காட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹேவ் பீன் அபவுட் ட்வென்ட்டி’ என்று வரும் வரியை ‘லெஹெதெத் ஊஜ் ஹூஸேவெஷ்’ என்று எழுதலாம். இருபது வயது இருக்கும். கதவு தட்டப்படும்போது ‘கி லெஹெத் அஸ்?’, யாராக இருக்கும்? கடிகாரம் இல்லாத இடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் ‘ஹாஞ் ஓர லெஹெத்?’, மணி என்ன இருக்கும்? அவரிடமும் கடிகாரம் இல்லாவிட்டாலும் கேட்கலாம். வெயிலைப் பார்த்து ஒரு மதிப்பைச் சொல்வார்.